ஓடைக்குடியின் ஈரக்கால்கள்

நாவலேந்தலில் முதலில் வந்தது கண்மாய்தான். ஊர் அதற்குப் பிறகு, தண்ணீர் தேடி வந்த மாடு அங்கேயே படுத்துக்கொள்வதுபோல, கரைக்குக் கீழே வந்து படுத்துக்கொண்டது. கண்மாயை வெட்டியது யார் என்று கேட்டால், அது பாட்டுக்குக் கிடந்தது என்பார்கள். பிறகு கரையடியில் நாலு வீடு வந்தது, வியாழக்கிழமைச் சந்தை வந்தது, சந்தைக்கு வருகிறவர்களுக்காக பஸ் வந்தது, பஸ் நின்ற இடத்தில் டீக்கடையும் உரக்கடையும் பத்திரம் எழுதுகிறவரும் வந்தார்கள், சங்கையாவின் அப்பா காலத்தில் மிளகாய் மண்டியும் சங்கையாவின் காலத்தில் அரிசி மில்லும் வந்தன, அப்படி வந்து வந்து அது ஒரு சின்ன டவுனாகிவிட்டது. சுற்றிலும் இருந்த குடியிருப்புகள் தவழும் பிள்ளைகள்போல அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. பனையடியேந்தல்காரர்கள் பஸ் கிளம்பிய பிறகுதான் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், தச்சன்வயல்காரர்கள் வாங்கிய பொருளின் விலையை ஒருநாளும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள், கீழக்கொல்லையில் சண்டை இல்லாத கல்யாணம் நடந்ததில்லை, ஓடைக்குடிக்காரர்கள் நடந்துபோன இடம் நனைந்திருக்கும். இந்தக் கடைசி விஷயத்தையும் முந்தின மூன்றையும் ஊர் ஒரே குரலில்தான் சொல்லும், வெளியூரான் கேட்டு முழித்தால், அந்த ஊர் வாகு அப்படி என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும்.

ஆனால் ஓடைக்குடிக்கு ஈரக்கால் பிறவியில் வந்ததில்லை. அது எந்த மழைக்குப் பிறகு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மழையின் கடைசிச் சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் நடந்தது மட்டும் பூரணம் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பூரணத்தின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவள் அழுது முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவள், பிறகு அணைக்கவில்லை. சீட்டுப் போட்டு, தோட்டை விற்று, பள்ளத்தெருவில் ஓர் ஓட்டு வீடு கட்டினாள். இன்னும் வெள்ளைகூட அடிக்காத அந்த வீட்டின் சுவரை, போகும்போதும் வரும்போதும் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல ஒருமுறை தடவிவிட்டுத்தான் போவாள். பள்ளத்தெரு கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருந்தது.

அந்த ஐப்பசியில் வானம் ஓட்டை விழுந்ததுபோல ஊற்றியது. மிச்சத் தண்ணீர் போகிற கலுங்கு நிறைந்து வழிந்தும் கண்மாய் அடங்கவில்லை, பள்ளத்தெருப் பக்கம் கரை கசியத் தொடங்கியது, மண் மூட்டை போட்டார்கள், மூட்டையும் நனைந்து கரைந்தது. சாயங்காலம் மில் முதலாளி சங்கையாவும் நாலைந்து பெரிய ஆட்களும் பூரணத்தின் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தெற்கு மூலையில் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும், டவுன் தப்பிவிடும். அந்தப் பக்கம் என்றால் ஓடைக்குடி. அந்தப் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை, தெற்கே, தெற்கே என்றுதான் சொன்னார்கள். எழுந்து போகும்போது சங்கையா திரும்பிப் பார்த்து, "பூரணம், அந்தப் பக்கத்து ஆளு யாராச்சும் வந்தா, பொழுது அடையறதுக்குள்ள மேட்டுக்கு ஏறச் சொல்லிவிடு" என்றார். பின்னாலே போனவர்களில் ஒருவர் அவள் காதில் விழும்படி முணுமுணுத்தார். சொன்னால் மண்வெட்டியோடு கரையில் வந்து நின்றுவிடுவார்கள், பிறகு வெட்டவிட மாட்டார்கள், பள்ளத்தெரு போய்விடும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் சீமைச்சாமி வந்தான். ஓடைக்குடியில் விறகு வெட்டிப் பிழைக்கிறவன், பூரணத்தைவிட இளையவன், சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்க வந்திருந்தான். ஓடைக்குடிக்காரர்கள் வழக்கமாக உட்காரும் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டான். கரையில் ஆள் நடமாட்டமாக இருக்கிறதே, என்ன விஷயம் என்று கேட்டான்.

"மழை பாக்குறாக தம்பி" என்றாள் பூரணம்.

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். குடித்து முடிக்கட்டும், சூடாக உள்ளே போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் தன் பெண்டாட்டி பேச்சிக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பூரணம் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு ரெண்டு வடையை இலையில் மடித்துக் கொடுத்தாள், காசு வேண்டாம் என்றாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தபோது பால் பொங்கியது. பாலை இறக்கிவிட்டுச் சொல்லலாம் என்று திரும்பினாள். பாலை இறக்கிவிட்டுப் பார்த்தபோது அவன் ரோட்டைத் தாண்டியிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். பூரணம் வெள்ளை அடிக்காத தன் சுவரை நினைத்துக்கொண்டு, கரண்டியைப் பிடித்தபடி, அவன் மழைக்குள் மறைகிறவரை நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெற்கே பெரிய இரைச்சல் கேட்டது. பள்ளத்தெருவில் கசிவு நின்றது.

ஓடைக்குடிக்காரர்களில் பெரும்பாலோர் கோயில் மேட்டுக்கும் பனைகளுக்கும் ஏறித் தப்பித்தார்கள். சீமைச்சாமி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள் மயிலைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனான். பின்னாலே வந்த பேச்சி, கட்டிக்கிடந்த ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவள், வரவில்லை. காது கேளாத மாடசாமி கட்டிலில் படுத்தபடியே போனார். இன்னொரு வீட்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தை ஒன்று, தாயின் கையிலிருந்து போயிற்று.

மறுநாள் நாவலேந்தல் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது: கரை உடைஞ்சுபோச்சு. அதிகாரிகள் வந்து கேட்டபோதும் கரை உடைஞ்சுபோச்சு என்றார்கள், பேப்பரிலும் அப்படித்தான் வந்தது, நாளாக ஆக வெட்டியவர்களே அப்படித்தான் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது உடைந்ததுபோலத்தான் ஞாபகம் வந்தது. டவுன் ஓடைக்குடிக்காரர்களைக் கைவிட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து மில்லிலிருந்து அரிசி கொடுத்து ஆக்கிப்போட்டார்கள், வேட்டி சேலை கொடுத்தார்கள், பூரணம் வாளி வாளியாக டீ கொண்டுபோய் ஊற்றினாள். அங்கே சங்கையா அவளைத் தனியாக நிறுத்தி, அன்றைக்கு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். யாரும் வரவில்லை அண்ணே என்றாள் பூரணம். அவர் பெருமூச்சு விட்டார். சொல்லிவிடச் சொன்னேன், ஆள் வரவில்லை, நாம் என்ன செய்வது என்று பிறகு பல பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைத் தலையணைபோல வைத்துத்தான் அவர் தூங்கினார், அதைத் தைத்துக் கொடுத்தது பூரணம்.

தண்ணீர் வடிந்தது, சேறு காய்ந்தது, வீடுகளை மறுபடி எழுப்பினார்கள். அதன் பிறகுதான் தெரிந்தது, ஓடைக்குடிக்காரர்கள் கால் வைத்த இடமெல்லாம் நனைகிறது என்று. பெரியவர்கள் கால், சின்னவர்கள் கால், பிறகு பிறந்த பிள்ளைகள் முதல் அடி எடுத்துவைத்தால் அந்த இடத்திலும், குதிகாலும் அஞ்சு விரலும் அச்சாக விழுந்து தண்ணீர் நின்றது. துடைத்தாலும் நனைந்தது, செருப்புப் போட்டாலும் செருப்புக்குக் கீழே நனைந்தது. மோந்து பார்த்தவர்கள் கண்மாய்த் தண்ணீர் வாசம் அடிப்பதாகச் சொன்னார்கள்.

டவுன் முதலில் முகம் சுளித்தது. ரேஷன் கடையில் சாக்கு நனைகிறது என்று அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்கள், பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்தார்கள், அடகுக்கடையில் பத்திரம் நனைந்துவிடும் என்று காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் இது ஒருவகை வியர்வை என்று சொல்லிப் பவுடர் கொடுத்தார், பவுடர் களிம்பாகிப்போனது. கொஞ்ச காலம் போனதும் முகச்சுளிப்பு அலுத்துவிட்டது. கோடையில் கடைக்காரர்களே அவர்களைக் கூப்பிட்டு உள்ளே ரெண்டு நடை நடக்கச் சொன்னார்கள், தரை குளிர்ந்தது. ஓடைக்குடியில் பெண் எடுத்தால் வாசல் தெளிக்க வேண்டியதில்லை என்று தச்சன்வயலிலிருந்து சம்பந்தம் வந்தது. இரவில் ஆடு காணாமல் போனால் ஓடைக்குடிக்காரன் மேல் யாரும் சந்தேகப்படவில்லை, அவன் வந்திருந்தால் தடம் இருக்குமே என்றார்கள். அப்படியாக ஊர் அதைத் தின்று செரித்துவிட்டது. கரையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை, ஈரத் தடத்தைக் கண்டவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், அதன்மேல் கால் வைக்க ஏனோ யாருக்கும் மனசு வரவில்லை.

சீமைச்சாமி தினமும் சாயங்காலம் பூரணத்தின் கடைக்கு வந்தான். அதே வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு டீயை வெகுநேரம் குடித்தான். அவன் பேசியது குறைவு, விறகு எப்படி, மயில் என்ன வகுப்பு என்று பூரணம் கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். அவன் போன பிறகு பெஞ்சுக்கு முன்னால் ரெண்டு பாதமும் ஜோடியாகத் தேங்கிக் கிடக்கும். பூரணம் அதைத் துடைத்ததே இல்லை. அது காய்கிறவரை அடுப்பின் பக்கமாகத் திரும்பி நிற்பாள். அவன் எதற்கு வருகிறான் என்று தினமும் யோசித்தாள். தெரிந்துகொண்டுதான் வருகிறான், என்றைக்காவது கேட்கப்போகிறான் என்று நினைத்து, டம்ளரை அவன் முகம் பார்க்காமல் நீட்டினாள். அவன் கேட்கவே இல்லை. வீட்டுச் சுவருக்கு அவள் கடைசிவரை வெள்ளை அடிக்கவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தால் பொறுக்கலாம், அடுத்தடுத்துப் பொய்த்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் சிக்கிக் கத்தியது. போர் போட்ட இடங்களில் உப்புத் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அப்போதுதான் உரக்கடைக்காரர் ஒருநாள் ஓடைக்குடிப் பாதையில் போனவர், பாதையின் இரண்டு ஓரமும் குப்பைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பச்சென்று கிடப்பதைப் பார்த்தார். பாத அளவுக்குப் பாத்தி பாத்தியாக, தினமும் டவுனுக்கு வந்துபோகிறவர்களின் கால்தடத்திலெல்லாம் கீரை முளைத்திருந்தது.

செய்தி ஊரெல்லாம் பரவுவதற்குள் சங்கையா புறப்பட்டுவிட்டார். ஓடைக்குடி வேப்பமரத்தடியில் நின்று, தன் மிளகாய்க் கொல்லையில் தினமும் விடிகாலையும் வெயில் தாழ்ந்த பிறகும் நடந்துகொடுக்க வேண்டும், நாள்கூலி தருகிறேன் என்று கேட்டார். ஓடைக்குடியில் விறகும் இல்லை, வேலையும் இல்லை, சரி என்றார்கள். சங்கையாவின் கொல்லை பச்சையானதைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிட்டார்கள். விடியும்போது பார்த்தால், வரப்பு வரப்பாக ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு, செடிக்குச் செடி பாதத்தை அழுத்தி வைத்து நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் நடந்த உழவுச்சால் கறுத்து ஈரமாகும், நடக்காத சால் சாம்பலாகக் கிடக்கும். சீமையெங்கும் காய்ந்து கிடக்கையில் நாவலேந்தலில் மட்டும் மிளகாய் பூத்தது. வெளியூர் வியாபாரிகள் வந்து அதிசயித்தார்கள். எங்க ஊர் மண்ணு அப்படி என்று டவுன்காரர்கள் சொன்னார்கள்.

பூரணத்துக்கும் கண்மாய்க்குக் கீழே அப்பா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் போட்ட மிளகாய் வாடுவதை அவள் பார்க்கவே போகவில்லை. யாரையும் நடக்கக் கூப்பிடவும் அவளால் முடியவில்லை. ஒருநாள் மத்தியானம், நடக்கிறவர்களுக்குச் சங்கையா சொல்லியனுப்பிய டீயை எடுத்துக்கொண்டு போனவள், வழியில் தன் துண்டு பச்சையாக நிற்பதைப் பார்த்தாள். சீமைச்சாமி வேலிக்கருவை நிழலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பாதங்களை அவள் அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். நெடுநாள் தண்ணீரில் ஊறிய பிணத்தின் கால்போல வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்கெல்லாம் புண்ணாக வெடித்திருந்தது.

"என் கொல்லையில நீயா நடந்த?"

"மத்தவுக கொல்ல முடிஞ்ச பெறகு ஒரு நடை வந்துட்டுப் போறேன்க்கா. வாடிக் கெடந்துச்சு."

கூலி எவ்வளவு என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் விடாமல் கேட்டபோது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு இந்த டவுனில் ஒருத்தர் முகத்திலும் ஈரம் இல்லை, எதிரில் வந்தவர்களெல்லாம் தன்னைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள், நீங்கள் ஒருத்திதான் சூடாக டீ கொடுத்துப் பேச்சிக்கு வடை கட்டிக் கொடுத்தீர்கள், அதற்கு நான் கூலி வாங்க முடியுமா என்றான். பேச்சி அதில் ஒன்றைத் தின்றாள், காய்ச்சல் வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னாள் என்றான்.

பூரணம் டீ வாளியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்று அவள் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

"சீமைச்சாமி, அன்னிக்கு எனக்குத் தெரியும். கரைய வெட்டப் போறாகன்னு தெரியும். ஒன்கிட்டச் சொல்லிவிடச் சொல்லி என்கிட்டத்தான் சொன்னாக. என் வீட்டுக்குப் பயந்து நான் சொல்லல. நீ ரோட்டத் தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். கூப்பிட்டிருக்கலாம்."

வேலிக்கருவையில் ஒரு கரிச்சான் குருவி கத்தியது. சீமைச்சாமி காலை மடக்கினான்.

"கரைய வெட்டுனாகன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. தண்ணி வடிஞ்சதுமே மம்பட்டி விழுந்த தடத்தப் பாத்தோம். ஊருக்கே தெரியும்னும் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன்."

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பெஞ்சுல வந்து உக்காந்தா, பேச்சி வீட்டுல இருப்பா. மடியில வடை சுடும். குடிச்சிட்டு எந்திரிச்சுப் போகணும், அவ காத்துக்கிட்டிருப்பா. டீ தீர்ற மட்டும் அவ இருப்பா. அதுக்குத்தான் வந்தேன். டவுன்ல எனக்கு இருந்தது அந்த ஒரு எடந்தான்." அவன் புண்பட்ட காலை ஊன்றி எழுந்தான். "இனிமே அங்க உக்கார முடியாதுல்ல."

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். தன் பாரத்தை இறக்கிவைக்க அவன் தலைதானா கிடைத்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சீமைச்சாமி வரப்பில் இறங்கி நடந்தான். அவன் பின்னால் பாதையில் விழுந்த தடங்கள் வெறும் புழுதித் தடங்களாக இருந்தன. கொஞ்ச தூரம் போனவன் நின்று, திரும்பி, தன் கால்தடத்தையே குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் போய்விட்டான்.

மறுநாளே சங்கையாவின் கொல்லையில் சீமைச்சாமி நடந்த சால் வாடியது. அவன் காலும் மயில் காலும் காய்ந்துவிட்டன, வீட்டுத் தரையும் காய்ந்துவிட்டது. என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, ஒருத்தங்க வந்து சொல்லிட்டாங்க என்று மட்டும் சொன்னான். என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. டவுனுக்கு அதைப் புரிந்துகொள்ள நேரமே ஆகவில்லை. ரொம்ப நாளாகக் கைவசம் இருந்த சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்ததுபோல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மண்டியில் கூட்டம் போட்டார்கள். வெட்டியதைச் சொல்ல வேண்டியதுதான் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை, எல்லோருமே போய்ச் சொல்லத்தான் வேண்டும், மனுஷனுக்கு மனுஷன் அதுதானே என்றார்கள். ஆனால் இப்போது சொன்னால் கொல்லை காயும். வற்றல் வீட்டுக்கு வந்துசேரட்டும், அதற்குப் பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து மேளதாளத்தோடு போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவானது. வற்றல் வந்தது, விலை இல்லை, அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த போகத்தில் பருத்தி நன்றாக வந்தது, இவ்வளவு நன்றாக வரும்போது கெடுப்பானேன் என்றார்கள். ஓடைக்குடிப் பாதையில் ஆள் போட்டு, வேலை ஏதும் இல்லாமல் வெறுங்கையோடு அந்தப் பக்கம் போகிறவர்களைத் திருப்பியனுப்பினார்கள்.

இருந்தும் சிலர் போனார்கள். வெட்டியபோது பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்திருந்த பத்திரம் எழுதுகிற நல்லதம்பி, ஆடு வாங்கப் போகிறேன் என்று சொல்லி ஒருநாள் போய்வந்தார். மண்வெட்டி கொடுத்த உரக்கடைக்காரர் கீழக்கொல்லை வழியாகச் சுற்றிப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் பச்சைக் கொல்லைக்கு நடுவே புதிதாக ஒரு சால் மஞ்சளாகக் கிடக்கும், யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார்கள், பெண்டாட்டிகள் புருஷன் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். கால் காய்ந்தவர்களுக்குப் புண் ஆறியது. அவர்களில் சிலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, தங்கள் பாதத்தில் ஒட்டிய புழுதியை வியப்போடு தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சொன்னது பூரணம்தான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஊர் வாயில் மண்ணைப் போட்டவள் என்றார்கள். அவள் கடைக்கு எதிரிலேயே இன்னொருவன் கடை போட்டான், அங்கே கூட்டம் நின்றது. அவள் வழக்கம்போல விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்தாள், பாலைக் காய்ச்சினாள், மிச்சமானதை உறை ஊற்றினாள். ஊர் வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் வெளிப்பெஞ்சு மட்டும் காலியாகக் கிடந்து அவளைப் பார்த்தது. பெஞ்சுக்கு முன்னால் தரை காய்ந்து கிடந்தது. இத்தனை வருஷமாக அவள் பார்க்கப் பயந்த அந்த ரெண்டு பாதத் தடமும் இல்லாமல், அந்த இடம் முன்னைவிடப் பயமாக இருந்தது. பேச்சியை அன்றைக்கு ஒருமுறை, இப்போது ஒருமுறை என்று ரெண்டு தடவை கொன்றுவிட்டதாக நினைத்தாள்.

ஒரு மத்தியானம் சங்கையா வந்தார். காரை மில்லில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார், தளர்ந்திருந்தார். வெளிப்பெஞ்சில் உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, உள்ளே வந்து நின்றுகொண்டார். யாரும் வரவில்லை என்று அன்றைக்குச் சொன்னாயே என்று கேட்கப்போகிறார் என்று பூரணம் எதிர்பார்த்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"எப்படி ஆரம்பிச்ச?" என்றார்.

"ஆரம்பிக்க என்ன இருக்குண்ணே. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். பெறகு தானா வந்துருச்சு."

சங்கையா யோசித்தார். தன் கொல்லையில் இன்னும் நடக்கிறவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான் என்றும், அன்றைக்குக் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள் என்றும் சொன்னார். அவர்களிடம் போய் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுவதாகவும், ஆனால் பெயர் தெரியவில்லை என்றும் சொன்னார்.

"அந்தப் பிள்ள பேரு என்ன?"

"பேரு வைக்கலண்ணே" என்றாள் பூரணம். "அதுக்குள்ள போயிருச்சு."

ரோட்டில் ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு சங்கையா சரி என்று சொல்லிவிட்டு, தெற்கே போகும் பாதை பிரிகிற இடம்வரை போனார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு மில் பக்கம் திரும்பினார். நாவலேந்தலில் இன்றைக்கும் பச்சையாக நிற்பது அவர் கொல்லை ஒன்றுதான். விடிகாலையில் ரெண்டு பேர் அதில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருப்பதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

அடுத்த ஆவணியில் ஒரு சாயங்காலம், பூரணம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பாவாடை தாவணியில், பேச்சியின் நெற்றியும் சீமைச்சாமியின் மௌனமுமாக இருந்தாள், கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. நடந்துவந்த கால் இரண்டும் செம்மண் படிந்து காய்ந்திருந்தன.

"நீ மயிலுதான?"

"ஆமா. அப்பா டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு."

அவன் எப்படி இருக்கிறான், கால் புண் ஆறிவிட்டதா, வேறு என்ன சொன்னான் என்று கேட்க நினைத்த பூரணம் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுத் தூள் போட்டாள், பாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினாள், ரெண்டு முறை ஆற்றப்போய், ஆற்றினால் சூடு குறையும் என்று அப்படியே வாளியில் ஊற்றி மூடியை அழுத்தினாள். மயில் சில்லறையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வந்த பூரணம், அப்படிச் சொல்வதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று உணர்ந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வெரசாப் போ தாயி, ஆறிரும்."

"ஆறிரும்னு அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் மயில். வாளியை ஆட்டாமல் உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி, தெற்கே போகும் பாதையில் நடந்தாள். பூரணம் வாசலுக்கு வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தை அந்தப் பெண் கடந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.